அறுபத்தொன்று சிபாரிசு செய்த புத்தகம்

அந்தப் புத்தகத்தில் இருநூற்று இருபத்தெட்டுப் பக்கங்கள், அட்டை சேர்க்காமல். முப்பத்தெட்டு அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு ஆறு பக்கம். இதை இப்போது கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. பத்து வயதில் எண்ணியது அப்படியே நினைவில் இருக்கிறது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டேனா என்பதுதான் நினைவில் இருப்பதில்லை. செம்பூரில் என் வீட்டுக்கு ஏற ஐம்பத்துநான்கு படிகள். ஒரு நாள் ஐம்பத்துமூன்று என்று வந்தால், முட்டி வலித்தாலும் இறங்கிப் போய் மறுபடி எண்ணிக்கொண்டு ஏறுவேன். மருமகள் இதை வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சொல்லட்டும். எண்ணிக்கொண்டிருக்கும் வரை கெட்டது எதுவும் நடக்காது என்று ஒரு நம்பிக்கை எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. எதனால் வந்தது என்று கேட்டால், அந்தப் புத்தகத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை கிடைத்து எங்களைத் தாராவிக்குக் கூட்டி வந்த வருஷம் அது. அப்பா, அம்மா, நான், ஆறு வயதுத் தங்கை. பத்தடிக்கு எட்டடி வீடு. சித்தப்பா எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். பகலில் தோல் கிடங்கில் வேலை, சாயங்காலம் எங்கள் தெருக்காரர்கள் நடத்திய படிப்பகத்துக்குக் காரியதரிசி. படிப்பகம் என்றால் ஒரே ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஊரிலிருந்து ரயிலில் வரும் மூன்று வாரப் பத்திரிகைகள், கண்ணாடி உடைந்த ஒரு பீரோ, அதற்குள் நூற்று நாற்பத்துமூன்று புத்தகங்கள். அவற்றில் பாதி, பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தவை. சித்தப்பா அந்தப் பீரோவை உயிராகக் காத்தார். ஆனால் அதிலிருந்த கதை எதையும் அவர் படித்ததில்லை. கதை படிப்பது பொழுதைக் கொல்லுகிற வேலை என்பது அவருடைய அபிப்பிராயம்.

பீரோவின் கைப்பிடியில் சணலால் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிட்டிருக்கும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் அதில் தங்கள் கருத்தை எழுத வேண்டும். முதலில் பெயர் போட்டுத்தான் எழுதினார்களாம். ஒருவர் நன்று என்று எழுதியதை இன்னொருவர் குப்பை என்று எழுதி, அது கைகலப்பு வரை போனதால், இனி பெயர் வேண்டாம், உறுப்பினர் எண் மட்டும் போதும் என்று சித்தப்பா விதி செய்துவிட்டார். எனக்கு அந்த நோட்டு மிகவும் பிடிக்கும். அதில் மனிதர்கள் எல்லோரும் எண்களாக இருந்தார்கள்.

அவர்களில் அறுபத்தொன்று என்பவர் எழுதியவை மட்டும் பதினொன்று இருந்தன. எழுத்து பெரிது பெரிதாக, ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கும். ‘சுமார்.’ ‘வேண்டாம்.’ ‘பரவாயில்லை.’ பத்து இடங்களில் ஒவ்வொரு வார்த்தைதான். பதினோராவதில் இப்படி எழுதியிருந்தார்: ‘எண் 88. வெண்கல நாரைத் தீவு. இதைப் போல ஒரு கதை கிடையாது. மூன்று தரம் படித்தாயிற்று. எல்லாரும் படிக்க வேண்டும். – 61.’

அதற்கு நேர் கீழே வேறொருவர், ‘ஒன்றும் புரியவில்லை. – 19’ என்று எழுதியிருந்தார்.

பத்துத் தடவை ஒரு வார்த்தைக்கு மேல் எழுதாத மனிதர் ஒரு புத்தகத்துக்கு மட்டும் இத்தனை எழுதுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும். நான் அறுபத்தொன்றை நம்பினேன். அப்பாவின் எண்ணில் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதுவரை நான் படித்த மாயக் கதைகளில் ராட்சசன் வருவான், கத்தி பறக்கும், கடைசியில் கல்யாணம் நடக்கும். இது அப்படி இல்லை. கடல் நடுவில் ஒரு தீவு. கரை நெடுகிலும் வெண்கல நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். அசையாது. ஆனால் வெயிலில் யாருடைய நிழலாவது ஒரு நாரையின் பக்கம் நீண்டு விழுந்தால், அது மெல்லக் குனிந்து அலகை அந்த நிழலில் வைக்கும். அவ்வளவுதான். நிழலுக்கு உரியவரால் நகர முடியாது. பாதத்திலிருந்து தொடங்கி மேலே மேலே வெண்கலமாகிவிடுவார். அந்தத் தீவுக்கு ஒரு படகோட்டி போகிறார், அவருடைய மகள் பவளத்தோடு. பவளத்துக்கு ஒன்பது வயது.

மூன்றாம் அத்தியாயத்திலேயே பவளத்தின் நிழலை நாரை கொத்திவிட்டது. முழங்கால், இடுப்பு, தோள். கடைசியாக அவள் அப்பாவைப் பார்த்து வாயைத் திறக்கும்போது வாயும் வெண்கலமாகிவிட்டது. நான் புத்தகத்தை மூடிவிட்டுத் தங்கை எங்கே என்று பார்த்தேன். வாசலில் கூழாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு நான்காம் அத்தியாயத்தைத் திறந்தேன். பவளம் படகில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தாள்.

எப்படி வந்தாள்? யாரும் கேட்கவில்லை. அவள் அப்பாகூடக் கேட்கவில்லை. தோலை ஊதிவிட்டுத் தின்னும்மா என்கிறார். மேலே படித்தேன். பதினேழாம் அத்தியாயத்தில் படகோட்டி அழுதுகொண்டு தனியாக வீட்டுக்குத் துடுப்புப் போடுகிறார். பதினெட்டில் பவளம் அவர் தோளில் உட்கார்ந்து தீவின் கோபுரத்தை எட்டிப் பார்க்கிறாள். செத்த பிறகு வந்த முப்பத்தைந்து அத்தியாயங்களில் இருபத்தொன்பதில் அவள் உயிரோடு இருந்தாள். கடைசி அத்தியாயத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் படகில் ஏறுகிறாள். படகு கரையை விட்டுப் போகிறது. அத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ படித்துவிட்டேன், அவ்வளவு பயம் எதிலும் வந்ததில்லை. செத்தவர் செத்தால் அழலாம். செத்தவர் வந்து கடலை தின்றால் என்ன செய்வது? பயந்துகொண்டே மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். உலகத்திலேயே எனக்குப் பிடித்த புத்தகம் அதுதான் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் அறுநூற்று நாற்பது காலடி. அதில் தொண்ணூறு காலடி காடிக் கரையோரம். காடி என்று அங்கே எல்லோரும் சொல்வது மாஹிம் பக்கம் கடல் உள்ளே நுழைந்து கிடக்கும் கழியை. தண்ணீர் வற்றிய நேரத்தில் அந்தச் சேற்றில் நாரைகள் நிற்கும். நிஜ நாரைகள், சாம்பல் நிறம். அம்பர்நாத்திலிருந்து வந்த நாளாக அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அதுவரை அவை வெறும் பறவைகள். இப்போது தினமும் எண்ணினேன். ஏழு. ஒன்பது. மறுபடி ஏழு. இரண்டு எங்கே போயின என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒரு நாள் பதின்மூன்று இருந்தன. அன்று தங்கையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டேன்.

காலை வெயிலில் எங்கள் இரண்டு பேர் நிழலும் காடிப் பக்கமாக நீண்டு விழும். அவளைச் சுவரோரமாகவே நடக்க வைத்தேன். சுவர் இல்லாத இடத்தில் என் நிழலுக்குள் அவள் நிழல் அடங்கும்படி ஒட்டி நடக்கச் சொன்னேன். அவள் விலகினால் தலையில் ஒரு குட்டு. நாலு நாளில் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

“ஏல, கொக்கப் பாத்தா பயப்படுத? பத்து வயசாவுது, வெக்கமா இல்ல?” என்றாள் அம்மா.

“கொக்கு இல்லம்மா, நாரை.”

“ரெண்டும் மீனத்தான் தின்னும். ஒன்ன தின்னா அதுக்குத்தான் வயித்த வலிக்கும்.”

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பயமெல்லாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்தப் பகுதியில் நான் பயந்த இன்னொன்று குழாயடி அண்ணாச்சி. நாற்பத்திரண்டு வீட்டுக்கு ஒரே குழாய். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தால் ஏழே காலுக்கு நின்றுவிடும். யார் எத்தனையாவது என்பதை முடிவு செய்கிறவர் அவர். கவிழ்த்துப் போட்ட தகர டின்னில் உட்கார்ந்து, கையில் ஒரு கம்பு வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் எண்ணை மட்டும் சொல்லுவார். எங்கள் வீடு பதினான்காவது. அந்தக் கம்பால் அவர் யாரையாவது அடித்து நான் பார்த்தது சைபர் தடவை. ஆனாலும் அவர் இருக்கும் பக்கம் குழந்தைகள் போகமாட்டோம். அவர் வாய் திறந்து கத்துவது ஒரே விஷயத்துக்குத்தான். சாக்கடை ஓரத்தில் எந்தப் பிள்ளையாவது நின்றால், “தள்ளி நில்லு புள்ள, தள்ளி நில்லு!” என்று தெருவே அதிரக் கத்துவார். ஒரு நாள் என் தங்கையைப் பார்த்துக் கத்தினார். அவள் பயத்தில் குடத்தைப் போட்டு நசுக்கிவிட்டாள்.

நசுங்கிய குடத்தைப் பார்த்து அப்பா கோபப்பட்டார். அம்மாதான் தடுத்தாள்.

“அவரு மேல என்ன தப்பு? போன மழையில காடித் தண்ணி தெருவுக்குள்ள ஏறுன அன்னைக்கு அவரு மவ போயிட்டாளாம்லா. ஒம்போது வயசாம். ஒரே புள்ள. அம்பர்நாத்துல இருந்த நமக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னா.”

அப்பா குடத்தை எடுத்துத் தட்டி நிமிர்த்த ஆரம்பித்தார். காடி, ஒன்பது வயது, பெண் பிள்ளை. நாரைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அடுத்தது என் தங்கை. அவளுக்கு ஒன்பது வயதாக இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டேன்.

பயம் அதிகமானால் எதையாவது எண்ணுவேன். எண்ண வேறொன்றும் மிச்சமில்லாமல், அந்தப் புத்தகத்தின் பக்க எண்களை எண்ண ஆரம்பித்தேன். மேல் ஓரத்தை வெட்டி நேராக்கியதில் தேதி, இதழ் எண் எல்லாம் போய்விட்டிருந்தன. கீழ் ஓரத்தில் பத்திரிகையின் பக்க எண் மட்டும் இருந்தது. முதல் அத்தியாயம் 7 முதல் 12 வரை. இரண்டாவது 9 முதல் 14. மூன்றாவதும் 9 முதல் 14. நான்காவது 11 முதல் 16. இப்படியே ஏறிக்கொண்டு போய்க் கடைசி அத்தியாயம் 57 முதல் 62.

எந்தப் பத்திரிகையாவது தன் தொடர்கதையை வாரா வாரம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகுமா?

பைண்டு செய்த பாய் எங்கள் தெரு முனையில் அட்டைப் பெட்டி செய்கிறவர். வடக்கே எங்கிருந்தோ வந்தவர், தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கடைக்குப் போய்ப் புத்தகத்தைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், எப்படி அடுக்கினீர்கள் என்று கேட்டேன்.

“நம்பர் தேக் கே லகாயா, பேட்டா,” என்று அவர் பெருமையாகப் பக்க எண்ணை விரலால் தட்டிக் காட்டினார். “தேரா சாச்சா போலா, நம்பர் தேக்கோ. ஏக்தம் பராபர்!”

நம்பர் பார்த்து அடுக்கச் சொன்னதே சித்தப்பாதான். வருஷக்கணக்காகச் சாக்கு மூட்டையில் கிடந்த முப்பத்தெட்டு வாரத்தையும், வாரத்துக்கு ஒரு குண்டூசி குத்தி அப்படியே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். அந்தத் தொடருக்கு அத்தியாய எண் கிடையாது, தலைப்பு மட்டும்தான். பாய்க்குப் படிக்க முடிந்தது பக்க எண் ஒன்றுதான். சிறிய எண் முன்னால், பெரிய எண் பின்னால். தன் கணக்கில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

அந்தக் கடை வாசலில் என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல் இறங்கியது. செத்தவள் திரும்பி வரவில்லை. பின்னால் நடக்க வேண்டியது முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான். அன்று காடிக் கரையில் எட்டு நாரைகள் இருந்தன. எட்டும் வெறும் பறவைகள். தங்கையைத் தள்ளி நடக்க விட்டேன்.

பிறகு ஒன்பது நாள் உட்கார்ந்து சரியான வரிசையைக் கண்டுபிடித்தேன். ஓர் அத்தியாயம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் தொடங்குவது அடுத்த அத்தியாயம். கதவைத் தட்டும் சத்தத்தோடு ஒன்று முடிந்தால், கதவு திறக்கும் ஒன்றைத் தேடுவது. சிறிய வேலை இல்லை. முடிந்தபோது எல்லாம் அச்சாகப் பொருந்தியது. படகில் ஏறுவது இரண்டாம் அத்தியாயம். பவளம் வெண்கலமாவது முப்பத்தாறு. அவள் அப்பா தனியாக வீடு சேர்வது முப்பத்தெட்டு. அத்தோடு கதை முடிகிறது.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

“வெளிய யாருட்டயும் சொல்லிராத. படிப்பகத் தலைவரு காதுக்குப் போச்சுன்னா, காரியதரிசிக்குத் தமிழ் படிக்கத் தெரியுமான்னு கேப்பாரு.” பிறகு என் முதுகில் தட்டினார். “மூளக்காரன்ல நீ. பத்தொம்போது புரியலன்னு எழுதுனப்பவே நான் யோசிச்சிருக்கணும்.”

நான் எழுதிக் கொடுத்த வரிசைச் சீட்டோடு புத்தகம் பாயிடம் போனது. பாய் தலையில் அடித்துக்கொண்டு பிரித்து மறுபடி தைத்தார். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை புதுக் காலிகோத் துணி ஒட்டிய அட்டை போட்டு வந்துவிட்டது. சித்தப்பா சொன்னார்:

“நல்ல வேளை. அறுபத்தொண்ணு ரெண்டு தரம் வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு. எம்பத்தெட்டு எங்க, எம்பத்தெட்டு எங்கன்னு.”

“அறுபத்தொண்ணு யாரு சித்தப்பா?”

“குழாயடி அண்ணாச்சிதான். வேற யாரு?”

எனக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு பெருமையாக. பாவம், மூன்று தரம் தப்பாகப் படித்திருக்கிறார். இப்போது சரியாகப் படிக்கப்போகிறார். அவர் மகளைப் பற்றி அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அறுபத்தொன்று யார் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலையே சித்தப்பா புத்தகத்தை அவரிடம் கொடுத்தார். எங்க அண்ணன் மவன்தான் ஒழுங்குபடுத்தினான் என்றும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம். மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. குழாயடி அண்ணாச்சி நின்றார். அவர் யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. கையில் கம்பு இல்லை, புத்தகம் இருந்தது. நான் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டேன்.

“மவன் இருக்கானா?”

அம்மா அவசரமாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர் கோபித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. “இருக்கான் அண்ணாச்சி. என்ன செஞ்சான்? சேட்ட எதுவும் செஞ்சிருந்தா சொல்லுங்க, தோல உரிச்சிருதேன்.”

“ஒண்ணும் செய்யல. ஒரு சந்தேகம் கேக்கணும்.”

“அண்ணன் கட்டிலுக்கு அடியில இருக்கான்,” என்றாள் தங்கை.

வெளியே வந்தேன். அவர் உள்ளே வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“இத வரிசப்படுத்துனது நீயாம்லா?”

“ஆமா அண்ணாச்சி.”

“எப்பிடிக் கண்டுபிடிச்ச?”

அடி விழவில்லை என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பக்க எண், குண்டூசி, பாய், கதவு தட்டும் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “அப்பம் அந்தப் புள்ள திரும்பி வாரது?” என்றார்.

“அது திரும்பி வாரது இல்ல அண்ணாச்சி. அது எல்லாம் முந்தி நடந்தது. பைண்டு தப்பு. நாரை கொத்துனா கொத்துனதுதான். செத்தவ எப்பிடி வருவா?”

“ஏல!” என்றாள் அம்மா அடுப்பருகிலிருந்து. எதற்கு அதட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அவர் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். புதுக் காலிகோவின் பசை வாசனை வந்துகொண்டிருந்தது.

“பழைய வரிச ஒனக்குத் தெரியுமால?”

“தெரியும். ஆனா அது தப்பான வரிச அண்ணாச்சி.”

“தப்பாவே இருக்கட்டும். எழுதித் தாரியா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். நோட்டில் தாளைக் கிழித்தால் கையை ஒடிப்பேன் என்று தினமும் சொல்கிறவள், அவளே என் பையிலிருந்து நோட்டை எடுத்து நடுத் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். “எழுதிக் குடுல,” என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தரையில் குப்புறப் படுத்து எழுதினேன். ஒவ்வோர் அத்தியாயத்தின் முதல் பக்க எண்ணையும் பார்த்து, சிறியதிலிருந்து பெரியதாக, ஒரே எண் இரண்டு தரம் வந்த இடத்தில் நினைவிலிருந்து, முன்பிருந்த முப்பத்தெட்டு இடங்களையும் வரிசையாக எழுதி, எதிரே புதுப் புத்தகத்தில் அது எத்தனையாவது என்பதையும் எழுதினேன். இரண்டு தரம் சரிபார்த்தேன். அப்புறமும் மனசு கேட்கவில்லை. ஒரு தவறான பட்டியல் என் கையெழுத்தில் வெளியே போகிறதே என்று அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘குறிப்பு: இது சரியான வரிசை அல்ல.’ அதன் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

அவர் தாளை வாங்கி விரலை ஓட்டிப் படித்தார். குறிப்பில் வந்து விரல் நின்றது. தலையை ஆட்டினார்.

“கடைசில வாரது எது?”

“ரெண்டாம் அத்தியாயம் அண்ணாச்சி.”

“அதுலதான அவ படகுல ஏறுதா?”

“ஆமா. அடம்பிடிச்சு ஏறுவா.”

“செரி,” என்று தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். எழுந்திருக்கும்போது நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் தெருவில் இறங்கிப் போகும் வரை அம்மா வாசலிலேயே நின்றாள். பிறகு தங்கையைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, காலையில் பின்னிவிட்ட தலையை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள். என் தட்டில் சோறு காய்ந்துவிட்டது, தின்று முடிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குழாயில் எங்கள் இடம் பதினான்காகவே இருந்தது. அது ஒரு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. படிப்பகத்தில் புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் எண்ணையும் நாளையும் குறிப்பார்கள். அவர் எண்பத்தெட்டைத் திருப்பிக் கொடுத்த இரண்டாம் வாரமே, அந்தச் சீட்டில் மறுபடி 61. ஒரு மாதம் கழித்து மறுபடி 61. மழை தொடங்கியதும் இரண்டு தரம். ஒவ்வொரு தடவையும் நான் தாள் இல்லாமலே மனதுக்குள் முப்பத்தெட்டு எண்களையும் முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போனது நான் எண்ணியவரை ஒன்பது தரம். அந்த ஒன்பது தரமும், பட்டியலில் எங்கோ ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன், அதனால்தான் அந்த மனிதரால் கதையை முடிக்க முடியவில்லை என்று பயந்துகொண்டிருந்தேன்.